பியூர் டேட்டாவில் ட்ரம் மெஷின்: 16 படியிலிருந்து மிஸ்ர சாபுவரை

கேள்வி சுருக்கமாக இது: முல்லைத்தீவுப் பக்கம் கூத்துப் பழகும் ஒரு குழு. கையில் ஒரு பழைய லப்டொப், அதில் பியூர் டேட்டா, அதாவது பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஒலி செய்யும் மென்பொருள். பறை, உடுக்கு, மத்தளச் சத்தங்களோடு பழகுவதற்கு ஒரு எளிய ட்ரம் மெஷின் வேண்டும். வீடியோக்களைப் பார்த்து 16 டொகிள் பெட்டிகளை (கிளிக் செய்தால் போட்டு நிறுத்தும் பெட்டி) வரிசையாக வைத்துச் செய்ததில் இரண்டு பிரச்சினை. தாளத்தை மாற்ற முடியவில்லை. அடிக்கு அடி 'டிக்' என்று ஏதோ வெடிக்கிறது.

இரண்டுமே தீரக்கூடியவை. முதல் பிரச்சினைக்குக் காரணம், நேரம், எண்ணிக்கை, அடிவரிசை, ஒலி ஆகிய நாலையும் ஒரே பின்னலாகக் கட்டியதுதான். 16 டொகிளுக்கும் 16 கம்பி இழுத்தபிறகு 14 படி வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். 16 என்ற எண்ணில் தெய்வீகம் ஒன்றும் இல்லை. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 மெஷினின் முகப்பில் 16 பொத்தான்கள் இருந்தன. நாலு அடி, அடிக்கு நாலு கூறு என்ற மேற்கத்தைய அளவுக்கு அது சரி. ஏழு மாத்திரைத் தாளத்துக்கு அது பொருந்தாது. ஆகவே நாலையும் தனித்தனியாகச் செய்து, இடையில் ஒரேயொரு எண்ணை மட்டும் போகவிடுங்கள்.

தொடங்கமுன் சில அடிப்படைகள். பியூர் டேட்டாவை எழுதியவர் மில்லர் பக்கெட். 1980களில் பாரிஸின் இர்காம் நிலையத்தில் மக்ஸ் என்ற மென்பொருளை எழுதிய அதே ஆள், 1996இல் இதை வெளியிட்டார். மக்ஸுக்குக் காசு கட்டவேண்டும், இது இலவசம். கீழே சொல்லும் பெட்டிகள் எல்லாம் வெறும் வனிலா பதிப்பிலேயே இருக்கின்றன. மேலதிகமாக எதையும் இறக்கத் தேவையில்லை. டேட்டா கவரேஜ் இல்லாத இடமென்றாலும் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடலாம்.

பெட்டிப் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கவேண்டும். தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். பெயருக்குப் பின்னால் வரும் ~ என்ற அலைக்குறி, அது ஒலி ஓடும் பெட்டி என்பதற்கு அடையாளம். இதை விட்டுவிட்டால் சில பெட்டிகள் உருவாகாமல் புள்ளிக்கோட்டு விளிம்போடு நிற்கும். அது பரவாயில்லை, பிழை கண்ணுக்குத் தெரியும். ஆனால் 'லைன்' என்றும் ஒரு பெட்டி உண்டு, 'லைன்~' என்றும் ஒன்று உண்டு. தவறானதைப் போட்டால் பிழை ஒன்றும் காட்டாது, சத்தம் மட்டும் கரகரக்கும்.

கொன்ட்ரோலோடு 1 அழுத்தினால் பெட்டி, 2 அழுத்தினால் மெசேஜ், 3 அழுத்தினால் எண். எந்தப் பெட்டியிலும் வலது கிளிக் செய்து ஹெல்ப் கொடுத்தால் ஓடக்கூடிய மாதிரி ஒன்று திறக்கும், அதிலிருந்தே கொப்பி எடுக்கலாம். இன்டர்நெட் இல்லாத இடத்தில் இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. வேலையைத் தொடங்கமுன் கோப்பை ஒரு தனி ஃபோல்டரில் சேவ் செய்துவிடுங்கள். ஒலிக்கோப்புகளை அந்த ஃபோல்டரில்தான் அது தேடும்.

நேரம். ஒரு டொகிள், அதன் கீழே 'மெட்ரோ 125'. டொகிளைப் போட்டால் 125 மில்லிசெக்கனுக்கு ஒரு தட்டு வெளியே வரும். நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு நாலு படி என்றால் வரும் அளவு அது. கணக்கு எளிது: 60000ஐ வேகத்தால் பிரித்து, பிறகு அடிக்கு எத்தனை படியோ அதனால் பிரிக்கவேண்டும். அடிக்கு நாலு படியென்றால் 15000 ÷ வேகம், இரண்டு படியென்றால் 30000 ÷ வேகம், திஸ்ர நடைக்கு மூன்று படியென்றால் 20000 ÷ வேகம். இதைப் பெட்டியாக்க, எண்பெட்டி ஒன்றை 'ஸ்வாப் 15000'இன் இடது வாயிலுக்குக் கொடுத்து, ஸ்வாப்பின் இரண்டு வெளிவாயிலையும் '/' பெட்டியின் இரண்டு வாயிலுக்கும் நேருக்கு நேர் இழுத்து, விடையை மெட்ரோவின் வலது வாயிலுக்கு அனுப்புங்கள். எண்பெட்டியின் ப்ரொபர்டீஸில் கீழெல்லை 40, மேலெல்லை 240 என்று கட்டிவிடுங்கள். வேகம் 0க்குப் போனால் கணக்கு குழம்பி மெட்ரோ மில்லிசெக்கனுக்கு ஒரு தட்டு தட்டத் தொடங்கும். பழைய மெஷின் அதில் மூச்சுத் திணறிவிடும்.

எண்ணிக்கை. மெட்ரோவிலிருந்து 'எஃப்' பெட்டியின் இடது வாயிலுக்கு ஒரு கம்பி. எஃப்பிலிருந்து '+ 1', அதிலிருந்து 'மொட் 16' (எம், ஓ, டி; வகுத்த மீதியைத் தரும்), அதிலிருந்து திரும்ப எஃப்பின் வலது வாயிலுக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் எஃப் தன் கையிலுள்ள எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும்: 0, 1, 2 என்று 15வரை போய், மீண்டும் 0. திரும்பும் கம்பி வலது வாயிலுக்குத்தான் போகவேண்டும். இடது வாயில் சூடானது, எண் வந்தவுடனேயே வெளியே தள்ளும். அங்கே கொடுத்தால் முடிவில்லாமல் சுற்றி 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று கத்தும். வலது வாயில் குளிர்ந்தது, வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். முதல் அடிக்குத் திரும்ப, 0 என்ற மெசேஜை எஃப்பின் வலது வாயிலுக்கே இணையுங்கள்.

இனித்தான் உங்களுக்கு வேண்டிய விஷயம். மொட் பெட்டியின் வலது வாயிலுக்கு ஒரு எண்பெட்டியைக் கொடுங்கள். அதுதான் தாள நீளம். 16 போட்டால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் (அடி), அட்சரத்துக்கு இரண்டு படியாக. 14 போட்டால் ஏழு மாத்திரை மிஸ்ர சாபு. 10 போட்டால் ஐந்து மாத்திரை கண்ட சாபு. 24 போட்டால் திஸ்ர நடையில் ஆதி. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், எதுவும் உடையாது. அடிக்கு எத்தனை படி என்பது மாறும்போது ஸ்வாப்பின் வலது வாயிலுக்கும் 15000, 20000, 30000 என்று பொருத்தமான எண்ணை அனுப்ப மறக்கவேண்டாம். பிறகு வேகப் பெட்டியை ஒருதடவை அசைத்தால்தான் புதுக் கணக்கு மெட்ரோவுக்குப் போகும்.

அடிவரிசை. டொகிள்களை எறிந்துவிடுங்கள். புட் மெனுவில் அரே என்று ஒன்று இருக்கிறது, மவுஸால் வரையக்கூடிய எண் வரிசை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு அரே: பெயர் பறை, உடுக்கு, கைத்தாளம் என்று உங்கள் விருப்பம், ஆனால் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். அளவை 16 என்று போடாமல் 32 என்று போடுங்கள், நீண்ட தாளங்களுக்கு இடம் இருக்கும். செங்குத்து எல்லையை மேலே 1, கீழே 0 என்று மாற்றுங்கள். தானாக வருவது 1இலிருந்து -1. 'சேவ் கொன்டென்ட்ஸ்' என்ற பெட்டியில் சரி போடுங்கள். போடாவிட்டால் கரண்ட் போய் மெஷின் நின்றதும் வரைந்த அடிகள் எல்லாம் போய்விடும். போட்டாலும் கோப்பை இடையிடையே சேவ் செய்தால்தான் பலன்.

எஃப்பிலிருந்து வரும் படி எண்ணை 'டப்ரீட்' பெட்டிக்குக் கொடுங்கள். 'டப்' என்பதை டி, ஏ, பி என்று அடிக்கவேண்டும், பின்னால் அரேயின் பெயர். அந்தப் படியில் மவுஸால் எவ்வளவு உயரம் வரைந்தீர்களோ அந்த எண் வெளியே வரும். உயரம்தான் அடியின் பலம். டொகிளில் இது கிடைக்காது, உண்டு அல்லது இல்லை மட்டும்தான். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழும் பறை பறையாகக் கேட்காது.

இதில் ஒரு பொறி. மவுஸால் கீழே இழுத்தால் சரியாக 0 வராது, 0.01, 0.03 என்று ஏதாவது நிற்கும். பூச்சியத்தை மட்டும் வடிகட்டினால் வெற்றுப் படிகளிலும் மெல்லிய அடி விழுந்துகொண்டே இருக்கும், எங்கிருந்து வருகிறதென்று தேடித் தலை கிறுகிறுக்கும். அதனால் டப்ரீட்டின் கீழே 'மோசஸ் 0.1' போட்டு அதன் வலது வெளிவாயிலை மட்டும் பயன்படுத்துங்கள். 0.1க்குக் கீழான எண்கள் இடது பக்கம் போய் அங்கேயே முடிந்துவிடும்.

மிஸ்ர சாபுவுக்கு ஒரு தொடக்க மாதிரி: நீளம் 14. ஏழு மாத்திரையை 3, 2, 2 என்று பிரித்தால் பிரிவுகள் தொடங்குவது படி 0, 6, 10இல். பறை அரேயில் 0இல் முழு உயரம், 6இலும் 10இலும் 0.7. கைத்தாள அரேயில் இரட்டைப்படைப் படிகள் எல்லாவற்றிலும் 0.4. உடுக்கை 12, 13இல் 0.5 அளவில் போட்டால் அடுத்த சுற்றுக்கு இழுத்துக்கொடுக்கும். எண்ணல் 0இலிருந்து தொடங்குவதால் கடைசிப் படி 13, 14 அல்ல.

இயந்திரத்தனம் குறையவேண்டுமென்றால் ஒற்றைப்படைப் படிகளைக் கொஞ்சம் பிந்தவிடலாம். எஃப்புக்கும் டப்ரீட்டுக்கும் இடையில் ஒரு 'ட்ரிகர் எஃப் எஃப்'; அதன் வலது வாயிலிலிருந்து 'மொட் 2', பிறகு '* 30', அங்கிருந்து 'பைப்' பெட்டியின் வலது வாயில்; ட்ரிகரின் இடது வாயிலிலிருந்து பைப்பின் இடது வாயில்; பைப்பிலிருந்து டப்ரீட். ஒற்றைப்படைப் படிகள் 30 மில்லிசெக்கன் தாமதமாக விழும். ட்ரிகர் ஏன் என்றால், ஒரே வாயிலிலிருந்து இரண்டு கம்பி போனால் பியூர் டேட்டாவில் எது முதலில் ஓடும் என்பது நீங்கள் எந்தக் கம்பியை முதலில் இழுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மக்ஸில் பெட்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்து வலமிருந்து இடமாக ஓடும். அந்த வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது இதனால்தான். ட்ரிகர் போட்டால் எப்போதும் வலது முதலில், இடது பிறகு; சந்தேகமே இல்லை.

ஒலி. இரண்டு வழி: மெஷினுக்குள்ளேயே செய்வது, அல்லது பதிவுசெய்த சத்தத்தை அடிப்பது.

செய்யும் வழிக்கு அடிப்படை அலையைத் தரும் ஒரு ஒஸ்க்~ (ஓ, எஸ், சி), அதன் அளவை மாற்றும் ஒரு *~, இரண்டு வீலைன்~ (வி, பிறகு லைன்~). ஆழமான அடிக்கு, மோசஸிலிருந்து வரும் எண்ணை ஒரு 'ட்ரிகர் பி எஃப்' வழியாகப் பிரியுங்கள். வலது பக்கத்தில் வரும் பலம் இந்த மெசேஜுக்குப் போகட்டும்:

$1 2, 0 250 2

2 மில்லிசெக்கனில் $1 அளவுக்கு ஏறி, அந்த 2 மில்லிசெக்கன் முடிந்ததும் 250 மில்லிசெக்கனில் 0க்கு இறங்கு என்பது பொருள். $1 என்ற இடத்தில் அடியின் பலம் வந்து உட்காரும். இது ஒரு வீலைன்~ வழியாக *~இன் வலது வாயிலுக்கு. இடது பக்கத்துத் தட்டு இந்த மெசேஜுக்கு:

220, 50 60

இது இன்னொரு வீலைன்~ வழியாக ஒஸ்க்~இன் இடது வாயிலுக்கு, ஒஸ்க்~இலிருந்து *~இன் இடது வாயிலுக்கு. 220 ஹெர்ட்ஸில் தொடங்கி 60 மில்லிசெக்கனில் 50 ஹெர்ட்ஸுக்கு விழும். அந்த வீழ்ச்சிதான் தோலில் அடித்த உணர்வைத் தருகிறது. அது இல்லாவிட்டால் வெறும் 'பூம்' மட்டும்தான்.

உடுக்கு இதற்கு நேர்மாறு. இடை நூலை அமுக்க அமுக்கச் சுருதி ஏறும், ஆகவே '260, 380 90' என்று ஏறவிடுங்கள், இறக்கம் 180 மில்லிசெக்கன் போதும். இந்த எண்கள் தொடங்குவதற்குத்தான், உங்கள் காதுக்குத் தக்கபடி நகர்த்துங்கள். கைத்தாளத்தின் கிணுகிணுப்புக்கு நொய்ஸ்~ போட்டு 'ஹிப்~ 7000' வழியாக வடித்து 40 மில்லிசெக்கனில் இறக்கினால் போதுமான அளவு ஏமாற்றும். உண்மையான வெண்கலத்துக்குப் பக்கத்தில்கூட வராது, பழகும்போது கணக்குத் தெரிந்தால் சரி.

பறைக்கும் மத்தளத்துக்கும் பதிவுதான் சரி. செயற்கையாகச் செய்வதில் மினக்கெடவேண்டாம். ஃபோனில் எடுக்கலாம். ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள், ஃபோனின் சத்தக்குறைப்பு வசதி இருந்தால் நிறுத்துங்கள், ஒவ்வொரு அடியையும் முழுதாக அடங்கவிட்டு அடுத்ததை அடிக்கச் சொல்லுங்கள். ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்து மென்பொருளில் திறந்து, அடிக்கு முன்னால் உள்ள அமைதியை ஒட்ட வெட்டுங்கள். 20 மில்லிசெக்கன் மிஞ்சினாலும் அந்த வாத்தியம் மட்டும் எப்போதும் பின்னால் விழும். கடைசி 10 மில்லிசெக்கனை மங்கவிட்டு, மோனோ, 16 பிட், 44100 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஃபோன் 48000இல் பதிந்ததை அப்படியே போட்டால் 44100இல் ஓடும் பியூர் டேட்டா அதைத் திருத்தாது. சத்தம் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுருதி இறங்கி, இழுபட்டுக் கேட்கும்.

உள்ளே ஏற்றுவதற்கு 'லோட்பாங்', அதன் கீழே மெசேஜ், அதன் கீழே 'சவுண்ட்ஃபைலர்'. மெசேஜின் அமைப்பு: ரீட், பிறகு ஒரு சிறுகோட்டோடு ரீசைஸ், கோப்பின் பெயர், அரேயின் பெயர். சவுண்ட்ஃபைலரின் ஹெல்ப்பில் இது தயாராக இருக்கிறது, கொப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுங்கள். ஒலிக்கான அரேயைத் திரையில் வரையாமல் 'டேபிள்' பெட்டியாக வையுங்கள். அரை செக்கன் சத்தமே 22050 புள்ளி, அதைப் படமாக வரைவதில் பழைய மெஷின் தடக்கும். அடிப்பது 'டப்பிளே~' பெட்டி, ஒரு தட்டு கொடுத்தால் முழுவதையும் வாசிக்கும். முந்திய அடி அடங்கமுன் மறுபடி தட்டினால் அது பாதியில் அறுபடும். பறையில் உருட்டு வருமென்றால் இரண்டு டப்பிளே~ வைத்து, இரட்டைப் படிக்கு ஒன்று, ஒற்றைப் படிக்கு மற்றது என்று பிரியுங்கள்.

கடைசியில் எல்லா ஒலியையும் ஒரு *~ 0.25 வழியாகவே டக்~இன் இரண்டு வாயிலுக்கும் அனுப்புங்கள். டக் என்பது டி, ஏ, சி. கொன்ட்ரோலோடு / அழுத்தினால் ஒலி ஓடத் தொடங்கும்.

இனி அந்த 'டிக்'. அது மூன்று வெவ்வேறு நோய், மருந்தும் வேறு வேறு. எல்லா வாத்தியத்தையும் நிறுத்தி ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள்.

அந்த ஒன்றே அடிக்கு அடி வெடித்தால், ஒலி 0இலிருந்து ஒரேயடியாகத் தாவுகிறது. ஒஸ்க்~ கோசைன் அலை, தொடக்கத்திலேயே உச்சத்தில் நிற்கும். எண்ணை நேரே *~க்குக் கொடுத்தால் தாவல் நிச்சயம். மேலே சொன்ன 2 மில்லிசெக்கன் ஏற்றம் அதற்காகத்தான். லைன்~ போட்டிருந்தால் வீலைன்~ ஆக மாற்றுங்கள்: பியூர் டேட்டா ஒலியை 64 புள்ளிக் கட்டுகளாகக் கணிக்கிறது, 44100இல் ஒரு கட்டு 1.45 மில்லிசெக்கன். லைன்~ கட்டின் விளிம்பில்தான் தொடங்கும், வீலைன்~ சரியான இடத்தில் தொடங்கும்.

ஒன்று தனியே சுத்தமாக இருந்து, இரண்டு மூன்று ஒன்றாக விழும் படியில் மட்டும் வெடித்தால், கூட்டுத்தொகை 1ஐத் தாண்டுகிறது. டக்~ அதற்கு மேலுள்ளதை வெட்டிவிடும். 0.25ஐ 0.15 ஆக்குங்கள், சத்தம் வேண்டுமென்றால் அம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள்.

அடியோடு சம்பந்தமே இல்லாமல் இடைக்கிடை கரகரத்தால், மெஷின் நேரத்துக்கு முடிக்கவில்லை. ஓடியோ செட்டிங்ஸில் டிலே என்ற எண்ணை 80 அல்லது 100 ஆக்குங்கள். கையால் வாசிக்கும் வாத்தியமென்றால் அந்தத் தாமதம் பொறுக்கமுடியாது. தானாக ஓடும் மெஷினுக்கு எல்லாமே ஒரே அளவு பிந்துவதால் யாருக்கும் தெரியாது. இதைக் குறைக்கவேண்டும் என்று வீடியோக்களில் சொல்வதை இங்கே கணக்கெடுக்கவேண்டாம். படி ஓடுவதைக் காட்டும் விளக்கு வரிசை வைத்திருந்தால் கழற்றிப் பாருங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்யும் லப்டொப் சூட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபானில் செம்மண் புழுதி அடைத்திருந்தால் இன்னும் மோசம். காலையில் சுத்தமாக ஓடியது மத்தியானம் கரகரத்தால் பழி நீங்கள் கட்டிய பெட்டிப் பின்னலில் இல்லை.

நாலாவதாக ஒன்று, அது 'டிக்' அல்ல, தொடர்ந்த 'ம்ம்ம்' இரைச்சல். லப்டொப் சார்ஜரில் இருக்கும்போது மிக்ஸரில் கொழுவினால் வரும். சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் காரணம் எர்த், பியூர் டேட்டாவில் தேடிப் பயனில்லை.

திருவிழா லவுட்ஸ்பீக்கரில் போடுவதானால் ஒரு எச்சரிக்கை. மரத்தில் கட்டும் குழல் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் சொல்லாது. ஹெட்ஃபோனில் நெஞ்சில் இடித்த 50 ஹெர்ட்ஸ் அடி அங்கே காணாமல் போகும், அம்ப்ளிஃபயர் மட்டும் வீணாகச் சுடும். அந்த இடத்துக்கு '600, 320 40' என்று சுருதியை ஏற்றி, தொடக்கத்தில் 5 மில்லிசெக்கன் நொய்ஸ்~ ஒன்றைச் சேருங்கள். அங்கே கேட்பது அந்த நுனிச் சத்தம்தான்.

கூத்துக்கு இன்னொன்று தேவைப்படும்: வேகம் மெல்ல ஏறுவது. எண்பெட்டிக்குப் பதில் ஒரு 'லைன்', இந்தத் தடவை அலைக்குறி இல்லாதது, ஸ்வாப்புக்கு முன்னால். '80' என்ற மெசேஜை முதலில் ஒருதடவை அனுப்புங்கள், பிறகு '120 8000' அனுப்பினால் எட்டு செக்கனில் 80இலிருந்து 120க்கு ஏறும். முதல் மெசேஜை விட்டால் லைன் 0இலிருந்து ஏறத் தொடங்கும், மெட்ரோவின் கணக்கு குழம்பிவிடும். ஆனாலும் பாடுபவர் மூச்சுக்கு நின்று எடுக்கும் இடத்தில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் காத்திருப்பார், மெஷின் காத்திராது. தரு (கூத்துப் பாட்டு) பழகுவதற்கும் ஆட்டத்தின் கணக்கு பிடிபடுவதற்கும் இதை வையுங்கள். மத்தளக்காரர் வந்ததும் டொகிளை நிறுத்துங்கள்.

வாத்தியங்கள் கூடும்போது பெட்டிகளைக் கொப்பி பண்ணிக்கொண்டே போகாதீர்கள். டப்ரீட்டிலிருந்து *~வரை உள்ளதைத் தனிக் கோப்பாக அதே ஃபோல்டரில் சேவ் செய்து, மேலே ஒரு 'இன்லெட்', கீழே ஒரு 'அவுட்லெட்~' வைத்து, அரேயின் பெயர் வரும் இடத்தில் $1 என்று போடுங்கள். பிறகு கோப்பின் பெயரையும் பக்கத்தில் அரேயின் பெயரையும் ஒரு பெட்டியில் அடித்தால் புது வாத்தியம் தயார். கவனம்: பெட்டிக்குள் $1 என்பது நீங்கள் கொடுத்த பெயர், மெசேஜுக்குள் $1 என்பது அந்த நேரத்தில் வந்து சேரும் எண். இறங்கும் நேரத்தையும் வாத்தியத்துக்கு வாத்தியம் மாற்றவேண்டுமென்றால் மெசேஜுக்குள் $2 என்று எழுதினால் வேலை செய்யாது. மெசேஜுக்கு முன்னால் ஒரு 'பக் 0 $2' பெட்டி வைத்து, பலத்தை அதன் இடது வாயிலுக்குக் கொடுத்து, இரண்டு எண்ணையும் சேர்த்து மெசேஜுக்கு அனுப்புங்கள். 'பக்' என்பது பி, ஏ, சி, கே. மெசேஜ் அப்போது '$1 2, 0 $2 2' என்று ஆகும்.